மலை வண்டும் சேற்று வண்டும்

கணவன் கிந்தோயை அடக்கம் செய்த நான்காம் நாள் ஜொமியா வேலைக்கு வந்துவிட்டாள். ஏழாம் நாள் ஜெபம் முடிகிற வரைக்கும் வீட்டிலேயே இருக்கும்படிதான் அருங்காட்சியகத்தில் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். லபுவானிலிருந்து வந்த மகள் முந்தின நாளே திரும்பிப் போயிருந்தாள். வீட்டில் அக்கம்பக்கத்தார் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்த பாத்திரங்கள்தான் இருந்தன. அவற்றைக் கழுவி, யாருடையது யாருக்கு என்று பார்த்துக் கொடுத்தாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஏழரை மணி மினி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பூச்சிப் பிரிவில் அவளுக்குப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. வருகிற வண்டுகளை ஈரப் பெட்டியில் வைத்து மூட்டுகளை இளக்க வேண்டும். வலது மேலிறகில் ஊசி குத்தி, கால்கள் ஆறையும் விரித்து நிறுத்த வேண்டும். காய்ந்ததும் அடியில் ஒரு சிறிய சீட்டு மாட்ட வேண்டும். இடம், உயரம், தேதி, பிடித்தவர் பெயர். மலைப் பெட்டிகளில் பிடித்தவர் பெயர் பெரும்பாலும் கிந்தோய்தான். அவன் மாதத்துக்கு இரண்டு தடவை குரோக்கர் மலைக்குப் போய் மூன்று நாள் தங்கிப் பிடித்து வருவான். இவள் ஊசி குத்துவாள்.

"புருஷன் பிடிக்கிறாரு, பொண்டாட்டி குத்துறாங்க. வீட்லயும் இப்படித்தானா அக்கா?" என்று வாசல் காவலாளி வருஷக் கணக்காக ஒரே கேலியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று அவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். ஜொமியா வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

கிந்தோய் இறந்து கிடந்தது மலைச் சாலையில், ஆயிரத்து நானூறு மீட்டர் உயரத்தில். அவன் எப்போதும் ஏறுகிற ஒற்றையடிப் பாதை அங்கேதான் தொடங்குகிறது. மோட்டார் சைக்கிள் பக்கத்தில் நிற்க, ஒரு மரத்தில் சாய்ந்தபடி இருந்தானாம். ஐம்பத்தாறு வயது. இருதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். அவனுடைய சிநேகிதன் ஜல்மின், இஞ்சி வாங்க மலைக்குப் போனவன், மாலை ஐந்து மணிக்குப் பார்த்துப் போலீசுக்குச் சொன்னான். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "மலைக்காரன் மலையிலயே போயிட்டான். கொடுத்துவச்சவன்." ஜொமியா ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினாள். அழுகை வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், அவளும்தான் எதிர்பார்த்தாள். வரவில்லை.

போலீஸ் கொடுத்த பையை அவள் வீட்டில் திறக்கவில்லை. அப்படியே வேலைக்கு எடுத்துவந்திருந்தாள். அதில் வண்டு இருந்தால் இளக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் ஒடிந்துவிடும். அது ஒன்றுதான் அவள் நினைப்பில் இருந்தது.

வலை, சுருட்டிய மழைச்சட்டை, பாதி காலியான மாத்திரை அட்டை, பம்பாங்கான் என்ற காட்டு மாங்காய் ஊறுகாய் போட்ட டப்பா. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு தைல டப்பி. திறந்தாள். மடித்த மெல்லிய காகிதத்துக்குள் ஒரு புலிவண்டு. கால்கள் இன்னும் முழுக்க விறைக்கவில்லை. காகிதத்தில் ஈரம் இருந்தது. இறப்பதற்குச் சற்று முன்னால் பிடித்தது. அவன் கடைசியாகப் பிடித்த வண்டு என்று நினைத்தாள். நினைத்ததும் ஏதாவது ஆகும் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. நுண்ணோக்கியின் கீழே வைத்தாள்.

பிரிவின் தலைவர் டாக்டர் லியூ மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்த ஆராய்ச்சியே இரண்டு புலிவண்டுகளைப் பற்றியதுதான். ஒன்று மலையில், பாசி மூடிய காட்டில் இருப்பது. இன்னொன்று கடற்கரை அலையாத்திக் காட்டின் சேற்றில் ஓடுவது. இரண்டும் நெருங்கிய சொந்தம். வெறுங்கண்ணுக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். இரண்டும் நாலு அடி பாய்ந்து ஓடும், ஓடுகிற வேகத்தில் கண் தெரியாமல் போய் நிற்கும், பார்க்கும், மறுபடி ஓடும். ஆனால் சேற்று வண்டுக்கு நண்பகல் சூட்டில் உடம்பைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க வேண்டும், அதனால் கால் நீளம். வயிற்றின் இரண்டு பக்கமும் வெள்ளை மயிர் அடர்ந்திருக்கும், அது வெயிலைத் திருப்பிவிடும். மலை வண்டு கறுப்பு. வயிறு மயிரில்லாமல் வழவழவென்று இருக்கும். குளிருக்குக் கால் குட்டை. மேலே போகப் போக இன்னும் குட்டையாகிறது என்பதுதான் டாக்டர் லியூவின் கண்டுபிடிப்பு. அதற்கு ஆதாரம் கிந்தோய் பிடித்த முந்நூற்றுச் சொச்சம் வண்டுகளும், சீட்டில் அவன் எழுதிக் கொடுத்த உயரங்களும்.

நுண்ணோக்கியில் தெரிந்தது வெள்ளை மயிர். மேசையிலிருந்த மலை வண்டு, சேற்று வண்டு மாதிரிகள் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். கால் நீளம் அளந்தாள். பாதத்தில் உப்புப் பூத்த சேறு ஒட்டியிருந்தது. சேற்று வண்டுதான், சந்தேகத்துக்கு இடமே இல்லை. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்தை விட்டு நூறு அடி தள்ளிக்கூட இந்த வண்டு வாழாது. கிந்தோய் வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மலையில் இருந்ததாக ஊரே சொல்கிறது.

டப்பியை மூடிப் பையில் வைத்தாள். அன்று மீதி இருந்த பதினான்கு வண்டுகளுக்கு ஊசி குத்தினாள். ஒன்றின் கால்கூட ஒடியவில்லை.

ஏழாம் நாள் ஜெபம் முடிந்த மறுநாள் துவாரான் போகிற பஸ்ஸில் ஏறினாள். ஜல்மின் வீடு ஆற்று முகத்துவாரத்தில், தண்ணீருக்கு மேல் கம்பம் நட்டுக் கட்டியது. ஒரு தடவை மகனின் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறான். பலகைப் பாலத்தின் கடைசியில் உட்கார்ந்து நண்டுக் கூண்டுக்கு வலை கட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நூலைக் கீழே போட்டான்.

"வாங்க அண்ணி. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

பொய். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது. தைல டப்பியை எடுத்து இருவருக்கும் நடுவில் பலகையில் வைத்தாள்.

"இது இந்தச் சேத்துல ஓடுறது. அவரு பையில இருந்துச்சு."

ஜல்மின் டப்பியைத் திறக்கவில்லை.

"ஒரு பூச்சியை வச்சு கண்டுபிடிச்சிட்டீங்க. போலீஸ்காரன் என் வண்டியக்கூட எட்டிப் பாக்கல," என்றான்.

"நான் போலீசுக்காக வரல. சொல்லுங்க."

"பொம்பள சமாச்சாரம்னு நெனச்சுட்டீங்களா அண்ணி?"

"எதுவும் நெனைக்கல."

அது உண்மை. அவள் எதையும் நினைத்திருக்கவில்லை. பஸ்ஸில் வந்த முக்கால் மணி நேரமும் முன்சீட்டுக்காரரின் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு வருஷமா அவன் மலை ஏறல," என்றான் ஜல்மின். "ஒரு தடவை மேல வழுக்கி விழுந்து, ராத்திரி முழுக்க பாசியில கெடந்திருக்கான். காலைல தவழ்ந்து ரோட்டுக்கு வந்தானாம். உங்ககிட்ட சொன்னானா?"

"முழங்காலுல சிராய்ப்பு. பாதையில முள்ளுன்னாரு."

"முள்ளு. ஆமா. அதுக்கப்புறம் அந்தப் பாதைகிட்ட போனாலே வண்டியத் திருப்பிருவான் அண்ணி. நெஞ்சும் சரியில்ல. செவ்வாக்கிழமை வீட்ட விட்டுக் கிளம்பி நேரா இங்க வருவான். இந்தப் பலகையிலதான் படுப்பான். எனக்குக் கூண்டு தூக்குவான், சரியாவே தூக்கமாட்டான், ரெண்டு தடவை நண்டைத் தண்ணியில விட்டுட்டான். வியாழக்கிழமை விடியக்காலைல வண்டிய எடுத்துட்டு மலை ரோட்டுச் சந்தைக்குப் போவான். இஞ்சி போடுறவங்க பாட்டில்ல வண்டு பிடிச்சு வச்சிருப்பாங்க. வாங்கிட்டு மறுபடி இங்க வந்துட்டு, சாயந்திரம் வீட்டுக்குப் போயிருவான்."

"பூட்ஸுல மண்ணு இருக்கும்."

"சந்தைக்குப் பின்னாடி சகதியில நின்னு மிதிப்பான். நானே ஒரு தடவை பாத்தேன். கல்யாண வீட்டுல ஆடுற மாதிரி." சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். "மன்னிச்சுக்குங்க."

"பரவால்ல."

ஜல்மினின் மனைவி உள்ளிருந்து கறுப்புக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜொமியாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ஜொமியா காப்பியைக் குடித்தாள். சூடாக இருந்தது என்பது நாக்கு சுட்ட பின்தான் தெரிந்தது.

"அன்னிக்கு மத்தியானம் சோறு தின்னான். மீனு புளிப்பா இருக்குன்னு என் பொண்டாட்டிய வம்புக்கு இழுத்தான். இந்தக் கம்பத்துல சாஞ்சு உக்காந்தான். நான் கூண்டு இறக்கிட்டு வந்து, என்னடா தூக்கமான்னு காலை ஆட்டினேன். அவ்வளவுதான்." ஜல்மின் கம்பத்தைக் காட்டினான். ஜொமியா அதைப் பார்த்தாள். சாதாரணக் கம்பம். அடியில் சிப்பி ஒட்டியிருந்தது. "முன்னாடியே சொல்லி வச்சிருந்தான். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா மேல கொண்டுபோய் விட்டுரு, இங்க கெடந்தேன்னு ஜொமியாவுக்குத் தெரியக்கூடாதுன்னு. குடிச்சுட்டுப் பேசுறான்னு நெனச்சேன். அவன் குடிச்சிருக்கல."

"எதுல கொண்டுபோனீங்க?"

"பிக்கப்புல. நண்டுக் கூடைங்களுக்கு நடுவுல. மருமகன் மோட்டார் சைக்கிள ஓட்டிட்டுப் பின்னாடியே வந்தான். ரெண்டு மணி நேரம். வளைவுல எல்லாம் அவன் தலை இடிக்கும்னு மெதுவாப் போனேன் அண்ணி. நண்டு வாசம் வந்துருமேன்னுதான் பயம்."

"வந்துச்சு. ஆஸ்பத்திரியில கழுவிட்டாங்க. பொண்ணு கேட்டா. மழைச்சட்டை வாசம்னு சொன்னேன்."

ஜல்மின் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் அழுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவளுக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"சீட்டுல உயரம் எழுதியிருக்கே. ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து எண்ணூத்தம்பதுன்னு. அது எப்படி?"

"இங்க உக்காந்துதான் எழுதுவான். கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்பான். இவன் குட்டைக் காலு, இவன் மேல இருக்கிறவன். இவன் கொஞ்சம் நீட்டு, இவன் கீழன்னு பிரிப்பான். அந்தப் பாதையில ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும்டா, தப்பாது, அப்படிம்பான்."

ஜொமியா கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தாள்.

முந்நூறு வண்டுகளையும் அவள்தான் அளந்தாள். காலின் நீளம் ஒரு வரிசை, உயரம் ஒரு வரிசை. இரண்டையும் வரைபடத்தில் போட்டபோது கோடு அவ்வளவு ஒழுங்காக இறங்கியது. "இவ்வளவு சுத்தமா எனக்கு வாழ்நாளில் ஒரு படமும் வந்ததில்ல" என்று டாக்டர் லியூ அன்று எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். காலைப் பார்த்து உயரம் எழுதினால் கோடு ஒழுங்காகத்தானே இறங்கும்.

"அந்த டப்பி," என்றாள். "இதை ஏன் பிடிச்சாரு?"

"அவனால ஓடுற வண்டை விட முடியுமா? அன்னிக்குக் காலைல சேத்துல போச்சு. தொப்பியைப் போட்டு அமுக்கினான். இடுப்பு வரைக்கும் சேறு. இதோட காலைப் பாருடா, எவ்வளவு அழகு, ஜொமியாவுக்குக் காட்டணும்னான். எங்க பிடிச்சீங்கன்னு அவங்க கேட்டா என்னடா சொல்லுவன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் யோசிச்சான். அப்புறம் காகிதத்துல மடிச்சு வச்சுக்கிட்டான்."

தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பாலத்தின் கீழே சேறு வெளியே தெரிய ஆரம்பித்தது. ஜொமியா எழுந்தாள்.

"நீங்க செஞ்சதை யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஆனா வண்டுங்களைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லணும்."

"எதுக்கு அண்ணி? செத்தவன் பேரு. அவன் எழுதினது தப்புன்னு யாரு ஏறிப் போய்ப் பாக்கப்போறான்?"

"யாரும் ஏறிப் போய்ப் பாக்கமாட்டாங்க. அதனாலதான். படிக்கிறவன் நம்பிருவான்."

அவன் இரண்டு நண்டைக் கட்டிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள். பஸ்ஸிலேயே மறந்து வைத்துவிட்டு இறங்கினாள்.

மறுநாள் டாக்டர் லியூவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பிணத்தைத் தூக்கிப் போனதைச் சொல்லவில்லை. கிந்தோய் இரண்டு வருஷமாக மலை ஏறவில்லை, வண்டுகள் சந்தையில் வாங்கியவை, உயரங்கள் காலைப் பார்த்து எழுதியவை என்று மட்டும் சொன்னாள். கடையில் சாமான் சொல்கிற மாதிரி சொன்னாள்.

டாக்டர் லியூ பேனாவை மூடி வைத்தார்.

"நிச்சயமா தெரியுமா?"

"தெரியும் டாக்டர்."

"ஜொமியா, நீங்க இன்னும் அந்தத் துக்கத்துல இருக்கீங்க. ஒரு மாசம் கழிச்சுப் பேசலாமா?"

"ஒரு மாசம் கழிச்சும் இதேதான்."

"அந்தக் கட்டுரை அடுத்த வாரம் போகணும். உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். நான்தான் அளந்தேன்."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கோபமாக இருக்கிறார் என்பது முதுகில் தெரிந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம்.

"அவர் நல்லா ஏறிக்கிட்டிருந்த காலத்துல பிடிச்சது எத்தனை தேறும்?"

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணு," என்று திருப்பிச் சொன்னார். "அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது." பிறகு திரும்பிப் பார்த்தார். குரல் தணிந்திருந்தது. "என்கிட்ட வந்து முடியலன்னு சொல்லியிருக்கலாமே. வேற வேலை கொடுத்திருப்பேனே. உங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

ஜொமியா யோசித்துப் பார்த்தாள். அவன் சொல்லியிருந்தால் தான் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருவேளை கேலி செய்திருப்பாள். அவன் மலைக்குப் போன நாட்களில் அவள் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. என் வீட்டுக்காரர் மேகத்துக்கு மேலே இருக்கிறார் என்று.

"சொல்லல டாக்டர்," என்றாள்.

சீட்டு மாற்றுகிற வேலையை வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்று டாக்டர் லியூ சொன்னார். ஜொமியா வேண்டாம் என்றாள். மூன்று வாரம் ஆனது. ஊசியைத் தக்கையிலிருந்து எடுத்து, கிந்தோயின் கையெழுத்தில் இருக்கிற சீட்டை உருவாமல் அப்படியே விட்டு, அதற்குக் கீழே புதுச் சீட்டு ஒன்றைச் செருக வேண்டும். பழையதை எடுத்துப் போடக் கூடாது, அது விதி. புதியதில் எழுதினாள்: சந்தையில் வாங்கியது, இடம் தெரியாது, மேலே உள்ள உயரத்தை நம்ப வேண்டாம். இருநூற்று எழுபத்தொன்பது தடவை எழுதினாள். நூறாவதுக்கு மேல் அவை வார்த்தைகளாக இல்லை, கோடுகளாகத் தெரிந்தன. மேசைக்கு எதிரே இருந்த பெண் ஒருநாள் அழுதாள். ஜொமியா அவளுக்கு முகம் துடைக்கக் காகிதம் எடுத்துக் கொடுத்தாள்.

செய்தி வெளியே போகாமல் இருக்கவில்லை. கிந்தோயின் அண்ணன் தம்புனானிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான்.

"செத்தவன் சட்டையக் கழட்டி சந்தையில தொங்கவிட்டுட்டியே. உனக்கு என்ன கெடச்சுது?"

"ஒண்ணும் கெடைக்கல."

"கல்லா நீ?"

அவன் தொலைபேசியை வைத்த பிறகும் அவள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டிருந்தாள். ஈஸ்டருக்கு அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

அடுத்த வறண்ட பருவத்தில் அருங்காட்சியகம் இரண்டு பேரை உயரம் காட்டும் கருவியோடு மலைக்கு அனுப்பியது. ஏழு மாதம் மாறி மாறிப் போனார்கள். வந்த வண்டுகளை ஜொமியாவே இளக்கினாள், குத்தினாள், அளந்தாள். யாருடைய கணக்கு சரியாக வரும் என்ற நினைப்பு இல்லாமல் எண்ணை மட்டும் எழுதினாள். டாக்டர் லியூ வரைபடம் போட்ட அன்று அவளைக் கூப்பிட்டார். கோடு ஆயிரத்து அறுநூறு மீட்டர் வரைக்கும் இறங்கியது. அதற்கு மேல் இறங்கவில்லை. மேட்டுக்காட்டு வண்டுகள் கொஞ்சம் நீண்ட கால்களோடும் இருந்தன, குட்டைக் கால்களோடும் இருந்தன. ஒரு ஒழுங்கும் இல்லை.

"பாதி சரியாத்தான் சொல்லியிருக்காரு," என்றார் டாக்டர் லியூ. "மேல் பாதி அவர் மனசுல இருந்த மலை."

"ம்."

"ஏன் மேல மாறலன்னு இப்ப புதுசா ஒரு கேள்வி வந்திருக்கு. நல்ல கேள்வி." கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். உதவியவர்களுக்கு நன்றி சொல்கிற பத்தி. "அவர் பேரைப் போடலாமா வேண்டாமான்னு உங்களைக் கேக்காம முடிவு பண்ண எனக்கு இஷ்டமில்ல."

ஜொமியா பத்தியைப் படித்தாள். புது ஆட்கள் இருவர் பெயர் இருந்தது. அவள் பெயர் இருந்தது. காட்டிலாகாவின் பெயர் இருந்தது.

"போடுங்க," என்றாள். "நாப்பத்தொண்ணு வண்டுக்கு. எண்ணிக்கையோட போடுங்க."

"எண்ணிக்கை போடுறது வழக்கமில்ல."

"அவருக்கு மட்டும் போடுங்க டாக்டர்."

டாக்டர் லியூ எழுதினார். எழுதிவிட்டு, பெயரின் எழுத்துக்கள் சரிதானா என்று கேட்டார். ஜொமியா குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைச் சொன்னாள். அவர் அடித்துத் திருத்தினார்.

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. கீழே சிற்றுண்டிக் கடையில் போய் வரிசையில் நின்றாள். சோறும் மீனும் வாங்கிக்கொண்டு ஒரு மேசையில் உட்கார்ந்தாள். முதல் வாய் எடுத்து வைத்ததும் மீனில் உப்பு அதிகம் என்று தெரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய் அதைக் கடைக்காரியிடம் சொன்னாள். அவள் மன்னிப்புக் கேட்டு வேறு துண்டு வைத்தாள். ஜொமியா திரும்பி வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.